கீழ்வீட்டில் காய்ச்சிய பால்

பூட்டைத் திறந்து அந்தக் கட்டடத்துக்குள் முதல்முறை நுழைந்த அன்று நான் வாந்தி எடுத்தேன். சொல்லிக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கூட வந்த கொத்தனாருக்கும் குமட்டியது. ஆம்பளை என்பதால் அடக்கிக்கொண்டு வெளியே போய் நின்று பீடி பற்றவைத்தார்.

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகிற தெரு ஒன்றில், கடல்காற்று நேராக வந்து மோதுகிற இடத்தில் இருக்கிறது அது. கீழே உப்பு மூட்டை அடுக்கிய கிட்டங்கி. மேலே இரண்டு தளம் ஏற்றுமதி ஆபீஸ். சரக்குப் போக்குவரத்தெல்லாம் புதுத் துறைமுகத்துக்குப் போனதும் ஆபீஸ் காலியானது. இருபது வருஷத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தது என்று ஊரில் சொல்வார்கள். பூட்டு முன்வாசலுக்கு மட்டும்தான். பின்பக்கத்துச் சன்னல் கம்பியை எவனோ அறுத்து வைத்திருந்தான். அது வழியாக வந்து போனவர்கள் மாடிப்படி முழுக்கக் கழிந்து வைத்திருந்தார்கள். புறா எச்சம் கணுக்கால் அளவுக்கு. காலி பிராந்தி பாட்டில்கள், செத்து உப்பிய பெருச்சாளி ஒன்று, மழையில் நனைந்து கூழான பழைய ஆபீஸ் காகிதம். அந்தக் காகிதக் கூழின் நாற்றம் மற்ற எல்லாவற்றையும் விட மோசம்.

எனக்கு மூக்கு கொஞ்சம் அதிகம். சாத்தான்குளத்தில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் வீட்டில் பிறந்தவள். சாப்பிடுவதற்கு முன்னால் நகத்தைக் காட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காதுக்குப் பின்னால் அப்பா விரலை வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். சிவில் டிப்ளமா படித்து, இருபத்தைந்து வருஷமாகக் கட்டட வேலையில் சிமெண்டும் சகதியுமாக நின்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. அழுக்கைக் கண்டால் எனக்கு உடனே கோபம் வரும். அழுக்கு என்றால் எது என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் குனிந்து நின்ற இடத்துக்கு ஒரு சொம்புத் தண்ணீர் வந்தது. "முகத்தக் கழுவுங்கக்கா. நல்ல தண்ணிதான், குடிக்கவும் செய்யலாம்" என்றாள் ஒருத்தி.

முப்பத்தைந்து வயது இருக்கும். கட்டடத்தின் பின்னால் பழைய காவல்காரன் அறையில் ஆறு வருஷமாகக் குடியிருந்தாள். யாரும் வைத்த ஆள் இல்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை. புருஷன் கேரளப் பக்கம் நாள்கணக்கில் கடலிலேயே கிடந்து பிடிக்கிற தங்கல் மீன்பிடிக்கு என்று படகேறினவன், திரும்பவில்லை. கடலில் போனானா, கரையில் வேறு எங்காவது குடும்பம் நடத்துகிறானா என்று அவளுக்கே தெரியாது. இறால் கம்பெனியில் தோல் உரிக்கிற வேலை. ஆறாம் வகுப்பு படிக்கிற ஒரு மகள். அந்தக் கட்டடம் முழுவதிலும் மூக்கைப் பிடிக்காமல் நிற்க முடிந்த இடம் அவளுடைய அறை ஒன்றுதான். பினாயில் போட்டுக் கழுவி, பாத்திரத்தைக் கவிழ்த்து அடுக்கி, சுவரில் ஒரு மாதா படம் மாட்டி வைத்திருந்தாள்.

அந்தக் கட்டடத்தைச் சுத்தம் செய்து, பதினாறு சின்ன வீடுகளாகத் தடுத்து, ஊருக்குள் வேலை பார்த்துக்கொண்டு ஊருக்கு வெளியே குடியிருக்க அலைகிற குடும்பங்களுக்குக் குறைந்த வாடகைக்கு விடுவது என்று ஒரு கமிட்டி முடிவு செய்திருந்தது. சொந்தக்காரர்கள் வெளிநாட்டில், நீண்ட குத்தகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கட்டட வேலையை நின்று பார்த்துக்கொள்ள என்னை வைத்திருந்தார்கள். நல்ல யோசனை. இன்றைக்கும் சொல்வேன், யோசனையில் ஒரு குறையும் இல்லை. யோசித்தவர்களைத்தான் சகிக்க முடியவில்லை.

கமிட்டியில் ஏழு பேர். பேசுகிறவர்கள் இரண்டு பேர். செயலாளர் பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். எப்போதும் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, குரலை உயர்த்தவே மாட்டார். பொருளாளருக்குப் பெரிய ஹார்டுவேர் கடை, எல்லாருக்கும் அண்ணாச்சி. குரலை உயர்த்துகிற வேலை அவருடையது.

வேலை ஆரம்பிக்க வேண்டுமானால் பின்பக்கத்து அறை காலியாக வேண்டும். செயலாளரே நேரில் வந்தார். நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். "நீ யோசிக்காத ம்மா. கீழ்த்தளத்துல பின்பக்க வீடு உனக்குத்தான். மொத சாவி உனக்கு. இப்ப வேலைக்கு எடஞ்சல் இல்லாம ஒதுங்கிக்கொடு" என்றார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். இரண்டே நாளில் சாமானைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையூரணி பக்கம் தகரக்கூரை போட்ட ஓர் அறைக்குப் போய்விட்டாள்.

அங்கே போனதில் அவளுக்கு என்ன நஷ்டம் என்பதைச் சொல்ல வேண்டும். கம்பெனி வேன் விடியற்காலையில் ஊருக்குள் வந்து ஆள் ஏற்றும்; மாப்பிள்ளையூரணிக்கு வராது. அதைப் பிடிக்க இருட்டிலேயே கிளம்ப வேண்டும். மகளின் பள்ளிக்கூடம் ஊருக்குள். அந்தப் பிள்ளை தனியாக எழுந்து, தனியாகச் சாப்பிட்டு, கதவில் தாழ்ப்பாள் சரியில்லாத அந்த அறையைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறி வரவேண்டும். வயதுக்கு வரப்போகிற பிள்ளை. அதனால் கீழ்வீடு என்பது அவளுக்கு வெறும் வசதிக்கான விஷயம் இல்லை. உள்ளே இருந்து தாழ்ப்பாள் போட ஒரு கதவு, அவ்வளவுதான் அவள் கேட்டது. 'எழுத்தில் வாங்கிக்கொள்' என்று அன்றைக்கே அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. வெள்ளைச் சட்டை போட்டவர் சொன்னால் அது எழுத்துக்குச் சமம் என்று நினைக்கிற வீட்டில் வளர்ந்தவள் நான்.

வேலை நடந்த ஒன்றரை வருஷத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மாடிகள் சீக்கிரம் முடிந்துவிட்டன. கீழ்த்தளம்தான் உயிரை வாங்கியது. எத்தனையோ வருஷம் உப்பு அடுக்கிய சுவர். அதில் சிமெண்ட் பூசினால் உள்ளே இருக்கிற உப்பு வெளியேற வழியில்லாமல் பூச்சையே தள்ளிக்கொண்டு உதிரும். சுண்ணாம்புதான் பூச வேண்டும் என்றேன். சிமெண்ட் போதும் என்றார் அண்ணாச்சி. அவர் கடையில் சிமெண்ட் உண்டு, சுண்ணாம்பு இல்லை. இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. மூன்று கூட்டத்தில் சண்டை போட்டு நான் ஜெயித்தேன். ஜெயித்தது அந்த ஒன்றில்தான்.

சுண்ணாம்புப் பூச்சு காய்வதற்குள் பல நாள் நனைக்க வேண்டும். எங்கள் ஊர் போர்த் தண்ணீர் வாயில் வைக்க விளங்காது. அதை ஊற்றினால் சுவர் மறுபடி உப்புப் பூக்கும். நல்ல தண்ணீர் லாரி சொன்ன நாளில் வராது. அவள் கம்பெனி விட்டு வந்து, தெருக்குழாயில் வரிசையில் நின்று, இரண்டு குடம் பிடித்து, கீழ்த்தளச் சுவர்களுக்குத் தெளித்துவிட்டுத்தான் ஷேர் ஆட்டோ ஏறுவாள். அவளுக்கென்று சொல்லியிருந்த வீட்டுக்கு மட்டும் இல்லை, கீழ்த்தளத்தின் நான்கு வீட்டுக்கும். கூலி ஆள் போட்டிருக்கிறோம், நீ ஏன் செய்கிறாய் என்று கேட்டேன்.

"அவனுவ கடமைக்கு ஊத்திட்டுப் போவானுவக்கா. நாளைக்கு நான்லா அங்கன படுக்கணும்" என்றாள்.

இவ்வளவும் செய்தவளை விண்ணப்பம் போடச் சொன்னார்கள். முறை என்று ஒன்று உண்டல்லவா. விண்ணப்பம் போட்டவர்கள் இப்போது இருக்கிற வீட்டை நேரில் போய்ப் பார்த்து வருவது என்று கமிட்டி ஒரு வழக்கம் வைத்தது. பெண்ணெடுக்கப் போகிறவர்கள் மாதிரி இரண்டிரண்டு பேராகப் போய், அடுப்படியை எட்டிப் பார்த்து, கக்கூஸ் கதவைத் திறந்து பார்த்து, படிவத்தில் குறித்துக்கொண்டு வருவார்கள். ஏழை குடியிருக்கிற வீட்டுக்குள் அழைக்காமலே நுழைகிற உரிமை தங்களுக்கு உண்டு என்பதில் ஏழு பேரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. பொம்பளை ஒருத்தி கூட இருந்தால் நல்லது என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அவள் அறைக்கு நானும் செயலாளரும் போனது உச்சி வெயிலில். தகரம் காய்ந்து உள்ளே மூச்சு முட்டியது. செயலாளர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். அவள் லீவு போட்டுவிட்டு, தலைசீவி, எங்களுக்காகக் கலர் சோடா வாங்கி வைத்துக் காத்திருந்தாள். அறை துடைத்து வைத்தாற்போல இருந்தது. கொடியில் கம்பெனிக் கோட்டு காய்ந்தது. எவ்வளவு துவைத்தாலும் அந்தக் கோட்டிலிருந்து இறால் வாடை போகாது. வெயிலுக்கு இன்னும் தூக்கலாக வந்தது. நான் படிவத்தில் எழுதினேன்: 'வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறார். மீன் வாடை உண்டு.'

இரண்டும் உண்மை. எங்கள் வீட்டில் உண்மையைச் சொல்லச் சொல்லி அடித்து வளர்த்தார்கள். கேட்கிறவன் யார், எதற்குக் கேட்கிறான் என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஐம்பது வயதில் அதைச் சாக்காகச் சொல்வதும் அசிங்கம்தான்.

பட்டியல் போடுகிற கூட்டம் அண்ணாச்சி கடை மாடியில் நடந்தது. மத்தியானச் சாப்பாடு அங்கேயே. அண்ணாச்சி வீட்டு டிபன் கேரியரில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. மின்விசிறி போட்டும் அறை முழுக்க அதுதான் மணத்தது. சாப்பிட்டு முடித்து, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல், அண்ணாச்சி அவளுடைய படிவத்தை எடுத்தார். நான் எழுதிய முதல் வாக்கியத்தை விட்டுவிட்டு இரண்டாவதை வாசித்தார்.

"இந்த ஊர்ல மீன் வாடை இல்லாத வீடு எது அண்ணாச்சி?" என்று கேட்டேன். கேட்டேன் என்று இப்போது பெருமையாக எழுதிக்கொள்ளலாம். மெதுவாகத்தான் கேட்டேன்.

"நாம ஆக்கித் திங்குதது வேற மேடம்" என்றார் செயலாளர். "அது உடம்புலயே ஊறுன வாடை. மத்த குடும்பங்களயும் நாம நெனைக்கணும்லா. அதுபோக ஆம்பள இல்லாத வீடு, பின்பக்கம் ஒதுக்குப்புறமா இருக்கு. நாளைக்கு ஒரு பேச்சு வந்துச்சுன்னா? நான் ஒன்னும் தப்பாச் சொல்லல. நீங்களே எழுதியிருக்கிய."

கீழ்வீடு அண்ணாச்சியின் கார் டிரைவருக்கு என்று முடிவானது. டிரைவரும் ஏழைதான், கைக்குழந்தைக்காரன்தான். அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்த அறையில் எழுந்த கருவாட்டு ஏப்பம் இன்றைக்கும் என் மூக்கில் நிற்கிறது. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது செயலாளர் என்னைத் தனியாக அழைத்தார். "சாவி குடுக்குத விழா முடியட்டும், அவகிட்ட நாங்களே பைய சொல்லிக்கிடுதோம். நீங்க முந்திக்கிட்டு ஒன்னும் சொல்லிராதீங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன். என்னை யாரும் மிரட்டவில்லை. வம்பு எதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன், அவ்வளவுதான்.

அவர்கள் விழாவுக்கு முன்பு சொல்லாததற்குக் காரணம் விழா அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஒரு பெரிய அதிகாரி வந்து சாவி கொடுக்கிறார். போட்டோவுக்கு உழைக்கிற பெண் ஒருத்தி வேண்டும். டிரைவர் பெண்டாட்டி குழந்தையோடு ஊருக்குப் போயிருந்தாள். கம்பெனிக் கோட்டோடும் தொப்பியோடும் வரச் சொல்லி இவளுக்கு ஆள் விட்டார்கள். எந்தக் கோட்டின் வாடையைச் சொல்லி வீடு இல்லை என்றார்களோ, அதே கோட்டைப் போட்டுக்கொண்டு மேடையில் நிற்கச் சொன்னார்கள். அவள் வந்தாள். ஆள் உயரத்துக்கு அட்டையில் வெட்டிய சாவி ஒன்று, மஞ்சள் ரிப்பன் கட்டிய நிஜச் சாவி ஒன்று. இரண்டையும் வாங்கிக்கொண்டு நின்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதிகாரியின் கார் கிளம்பியதும் பந்தலில் பிரியாணி ஆரம்பித்தது. அட்டைச் சாவியை யாரோ வாங்கி ஓரமாகச் சாத்திவிட்டார்கள். நிஜச் சாவியை வாங்க மறந்துபோனார்கள். சாப்பாட்டு அவசரம்.

நான் கை கழுவிவிட்டு வரும்போது கீழ்வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே அவளும் மகளும். அவள் பையில் எல்லாம் கொண்டு வந்திருந்தாள். ஒற்றை பர்னர் சின்ன கேஸ் அடுப்பு, விலைச்சீட்டு உரியாத புது எவர்சில்வர் பாத்திரம், பால், சீனி, அந்த மாதா படம். படத்தைச் சமையல்கட்டு மேடையில் சாய்த்து வைத்து, முன்னால் ஒரு மெழுகுவர்த்தி. பால் பொங்கி வருகிற நேரத்துக்குத்தான் நான் போய் நின்றிருக்கிறேன். பொங்கி நாலு பக்கமும் வழிந்தது. மகள் கையைத் தட்டிக்கொண்டு குதித்தது. எங்கள் ஊரில் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும் சரி, பால் பொங்கிவிட்டால் அந்த வீட்டில் குடியேறிவிட்டதாகத்தான் அர்த்தம்.

முதல் தம்ளரை என்னிடம் நீட்டினாள். "நீங்கதான் மொதல்ல குடிக்கணும்க்கா. நீங்க நின்னு கட்டுன வீடு."

குடித்தேன். தெரிந்துகொண்டே குடித்தேன். பட்டியல் முடிவாகிப் பத்து நாள் ஆகியிருந்தது. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் உண்மையைச் சொல்ல அந்த நிமிஷத்தில்கூட இடம் இருந்தது. நான் சீனி சரியாக இருக்கிறது என்றேன்.

அப்போதுதான் அண்ணாச்சி பல்லைக் குத்திக்கொண்டே உள்ளே வந்தார்.

"ஏளா, யாரக் கேட்டு இங்கன அடுப்பு பத்த வச்ச?"

"சாவி குடுத்தியளே அண்ணாச்சி."

"அது போட்டாவுக்கு. வீடு வேற ஆளுக்கு ஆயாச்சுன்னு ஒனக்கு யாரும் சொல்லலியா? சாவிய இங்க குடு."

அவள் அண்ணாச்சியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "ஒங்களுக்குத் தெரியுமாக்கா?" என்று கேட்டாள்.

"தெரியும்" என்றேன்.

அடுப்பை அணைத்தாள். மெழுகுவர்த்தியை ஊதினாள். ரிப்பனோடு சாவியை மேடையில் வைத்தாள். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அண்ணாச்சி எதிர்பார்த்தார் போலிருக்கிறது, இரண்டடி தள்ளி வாசல்பக்கமாக ஒதுங்கி நின்றார். அவள் ஏசவும் இல்லை, அழவும் இல்லை. படத்தை மகள் கையில் கொடுத்து, அடுப்பைப் பையில் வைத்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பந்தலைத் தாண்டிப் போனாள். பால் பாத்திரம் கொதிக்கிற சூட்டில் இருந்ததால் அதை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டாள். பிரியாணி வாளி தூக்கிக்கொண்டு வந்தவன் அவளிடம் "சாப்பிடலையா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

அண்ணாச்சி கதவைப் பூட்டினார். பாத்திரத்தை எடுத்து வைக்க அவருக்குத் தோன்றவில்லை, எனக்கும் இல்லை.

நான்காம் நாள் டிரைவர் பெண்டாட்டி புது விளக்குமாறோடு வீடு பார்க்க வந்தாள். கதவைத் திறந்ததும் புளித்த நாற்றம் முகத்தில் அடித்தது. பால் திரிந்து, நுரைத்து, ஈ மொய்த்துக் கிடந்தது. மேடையில் பொங்கி வழிந்த தடம் மஞ்சளாகக் காய்ந்திருந்தது. யார் காய்ச்சின பால் என்று கேட்டாள். அதற்குள் குடிவந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள்.

"அழுதுட்டா போனா?"

"அழல."

"அழாமயா போனா? அப்பம் இன்னும் மோசம்லா" என்றாள் டிரைவர் பெண்டாட்டி. குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, வாசற்படியைத் தாண்டாமலே திரும்பிப் போய்விட்டாள். ஒருத்தி வயிற்றெரிச்சல் விழுந்த வீட்டில் கைக்குழந்தையோடு குடியிருக்க முடியாது என்று டிரைவர் மறுநாள் அண்ணாச்சியிடமே சொல்லிவிட்டான்.

பட்டியலில் அடுத்த பெயருக்குச் சொல்லி அனுப்பினார்கள். அந்த அம்மாள் ஏரலில் இருக்கும் தன் அண்ணனைக் கூட்டிவந்து விசாரித்துவிட்டு வேண்டாம் என்றாள். அதற்கடுத்த குடும்பம் மேல்மாடி இருந்தால் சொல்லுங்கள் என்றது. இந்த ஊரில் செய்தி போகிற வேகத்தில் பஸ் போனால் நன்றாக இருக்கும். கமிட்டி ஓர் ஐயரை வைத்து ஹோமம் நடத்தியது. போதாதென்று ஒரு போதகரை வைத்து ஜெபமும் நடத்தியது. சுவரெல்லாம் புகை பிடித்ததுதான் மிச்சம். நடுவில் அண்ணாச்சிக்குக் கால் கட்டைவிரலில் புண் வந்து ஆறாமல் நின்றது. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை உள்ளவர். ஆனாலும் கூட்டத்தில் கட்டுப்போட்ட காலைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்.

ஒருத்தியைப் பாலோடு வெளியே தள்ளுவதற்கு இவர்கள் யாருக்கும் கூச்சம் இல்லை. அவள் வயிறு எரிந்தால் தங்களுக்கு என்ன ஆகுமோ என்றுதான் பயம். அப்படியானால் அவளுக்கே கொடுத்துவிடுங்களேன் என்று நான் சொன்னேன். இந்தத் தடவை மெதுவாகச் சொல்லவில்லை.

செயலாளர் சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டார். "அப்பம் நாம பயந்து குடுத்த மாதிரி ஆயிரும்லா மேடம். நாளைக்கு நாம வேண்டாம்னு சொன்ன எல்லாரும் வந்து வயித்தெரிச்சல்னு நிப்பாங்க. முறைன்னு ஒன்னு இருக்கு." பிறகு, பெரிய மனது பண்ணுகிறவர் போல, வேறொரு வழி சொன்னார். அவளை அழைத்து வர வேண்டும். குடிவரப் போகிற குடும்பத்துக்கு முன்னால் அவள் கையாலேயே ஒரு தடவை பால் காய்ச்ச வேண்டும். எனக்கு மனசில் ஒன்றும் இல்லை, நல்லா இருங்க என்று வாயால் சொல்ல வேண்டும். "ஒரு சேலை எடுத்துக் குடுத்துருவோம். நீங்க கூப்பிட்டா வருவா. ஒங்க மேல அவளுக்கு ஒரு மரியாதி உண்டு."

அந்த மேசையில், அந்த ஏழு பேருக்கு நடுவில், அதே டீயைக் குடித்துக்கொண்டு நானும் உட்கார்ந்திருந்தேன். முடியாது என்று எழுந்து வந்திருக்க வேண்டும். அவளைக் கூப்பிடப் போனேன். அவள் முகத்தைப் பார்க்க ஒரு சாக்குக் கிடைத்தது என்று போனேனோ, சொன்ன வேலையைச் செய்து பழகிய கால் போனதோ, எனக்கே தெரியவில்லை.

கம்பெனி கேட்டில் சாயங்கால ஷிப்ட் விடுகிற நேரம். இருநூறு பெண்கள் ஒரே நேரத்தில் வெளியே வந்தார்கள். ஐஸில் கிடந்து வெளுத்துச் சுருங்கிய விரல்கள். அவள் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். நேராக வந்து, "எப்ப வந்திய?" என்று கேட்டாள். மகள் எப்படி இருக்கிறாள் என்றேன். ஒரு வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை, பூட்டு உடைந்துவிட்டது, சாமானை விட்டுப் போகப் பயப்படுகிறாள் என்றாள்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. டிரைவர் பெண்டாட்டி திரும்பிப் போனது, ஹோமம், ஜெபம், அண்ணாச்சியின் கால் விரல், சேலை, எல்லாம். அந்தப் படிவத்தில் மீன் வாடை என்று எழுதியது நான்தான் என்பதையும் சொன்னேன். அவள் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றி, மடித்து, கோட்டுப் பைக்குள் வைத்தாள்.

"அது எனக்கு அப்பமே தெரியும்" என்றாள். "அத விடுங்க. என் வயித்தெரிச்சல்னா அவியளுக்கு அம்புட்டு பயமா?"

"ஆமா."

"அண்ணாச்சிக்குமா?"

"அவருக்குத்தான் ரொம்ப."

சிரிப்பாள் போல இருந்தது, சிரிக்கவில்லை. "நான் யாரையும் ஏசலக்கா. ஏசணும்னு தோணவும் இல்ல, அன்னைக்குப் பிள்ளைய எப்பிடிக் கூட்டிட்டுப் போறதுன்னுதான் இருந்துச்சு. ஆனா அவிய சொல்லுத மாதிரி அங்கன ஒன்னு கெடக்குன்னா, அது கெடக்கட்டும். ஆறு வருசம் அங்கன கெடந்தேன், எனக்குன்னு ஒரு செங்கல்லு கெடையாது. இப்பம் அந்த வீட்டுல எனக்குன்னு இருக்கது அது ஒன்னுதான். அத நான் எதுக்கு வந்து எடுக்கணும்?"

ஷேர் ஆட்டோ வந்தது. உள்ளே இருந்தவர்கள் நெருங்கி உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள்.

அவள் சொன்னதை அப்படியே செயலாளரிடம் போனில் சொன்னேன். "குடியிருக்கத்தான பயப்படுதாங்க" என்றார். "அப்பம் அத ஸ்டோர் ரூமா மாத்திருவோம். கமிட்டி சேர், பந்தல் சாமான் எல்லாம் போட எடம் இல்லாமத்தான் இருக்கு. சன்னல அடைச்சு, அலமாரி வச்சு, ஒரு பிளான் போட்டுக் குடுத்துருங்க மேடம்."

அரை நாள் வேலை. போட்டுக் கொடுத்துவிட்டேன்.